பிறவித் தொழிலும் பயின்ற தொழிலும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் வாயிலில் ஆண்டுதோறும் மே, சூன் திங்கள்களில் ஒரே வினா எழுகின்றது. பத்தாம் வகுப்புத் தேறிய மகனை அழைத்து வரும் தந்தையார், "ஐயா, இவனை எதில் சேர்க்கலாம்?" என்று கேட்பார். ஐ.டி.ஐ. என்றோ பாலிடெக்னிக் என்றோ நாம் சொல்லத் தொடங்கியதுமே அவர் முகம் வாடிவிடும். "நான் கரணை பிடித்தது போதாதா? இவனும் கையில் அழுக்குப் படிய நிற்க வேண்டுமா? ஒரு பட்டமாவது வாங்கட்டுமே" என்பார்.

இவ்வாட்டத்தை அறியாமை என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. அதன் பின்னே பல தலைமுறைகளின் பட்டறிவு நிற்கின்றது. உன் பிறப்புக்கு இன்ன தொழில், அதைச் செய்துகொண்டு கிட என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. இன்று நற்பெயர் பெற்ற பெரியவர்கள் சிலர், "உங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பே பொருத்தம்" என்று பரிவோடு கூறும்போதும் அப்பழைய குரல் நம் செவியில் விழாமல் இல்லை. ஆதலின் தொழிற்கல்வி நல்லது என்று மேடையில் முழங்குவதற்கு முன்னர், எத்தகைய தொழிற்கல்வி, அதனை யார் யாருக்கு வகுத்துத் தருவது என்பதை நாம் வரலாற்றின் துணைகொண்டு தெளிந்துகொள்ளல் வேண்டும். அவ்வரலாற்றின் பெரும்பகுதி நாம் நாள்தோறும் நடமாடும் மயிலை, தேனாம்பேட்டை, அடையாறு, கிண்டி வட்டாரத்திலேயே நிகழ்ந்துள்ளது. நம் இளைஞருள் பலர் இதனை அறியார்.

1794ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளரான மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் எண்மர். ஐரோப்பியத் தொடர்புடைய ஆதரவற்ற சிறுவர்களைக் கொண்டே அப்பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்து, 1978இல் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. ஐரோப்பாவுக்கு வெளியே எழுந்த மிகப் பழைய தொழில்நுட்பப் பள்ளிகளுள் ஒன்று அது. சங்கிலி பிடித்து நிலம் அளப்பது, பாலத்திற்கு வரைபடம் எழுதுவது, ஏரிக்கரையின் வலிமையைக் கணக்கிடுவது ஆகிய யாவும் இந்நகரில் பாடமாக வைத்துக் கற்பிக்கப்பட்டன.

அப்பள்ளி தோன்றி நூறாண்டு கழித்து, 1894இல், அடையாற்றின் தென்கரையில் ஊரூர் அருகே மற்றொரு பள்ளி திறக்கப்பட்டது. பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி அது. இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒரு சாரார்க்கு 1794இல் நில அளவை. நம்மவர்க்கு 1894இல் அரிச்சுவடி. நாம் படிப்பில் பின்தங்கியது மூளைக் குறைவினால் என்று இன்றும் நாக்கூசாது பேசுவோர்க்கு வேறு மறுமொழி வேண்டுவதில்லை.

ஊரூர்ப் பள்ளியைத் தொடர்ந்து 1898இல் கோடம்பாக்கத்திலும், 1899இல் தேனாம்பேட்டையிலும், 1901இல் மயிலாப்பூரிலும் ஆல்காட் பள்ளிகள் ஏற்பட்டன. மயிலைப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. இப்பள்ளிகளை வெளிநாட்டார் ஒருவரின் கருணையால் விளைந்தவை என்று மட்டும் கூறுவது பாதி வரலாறே ஆகும். 1892இல் சென்னை மகாசன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து நின்று, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், உழுவதற்குத் தரிசு நிலமும், ஆலய நுழைவும் கேட்டார். ஆலயத்தைப் பற்றிய கோரிக்கை அவமதிப்போடு மறுக்கப்பட்டது. ஆல்காட்டோடு அவர் நெருங்கிப் பழகியதும், 1898இல் பௌத்தம் தழுவும் முயற்சியில் இலங்கைக்குச் சென்றதும் யாவரும் அறிந்தவை. 1907 முதல் இராயப்பேட்டையிலிருந்து அவர் நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ், அடுத்த ஆண்டிலேயே 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. கல்வியும் கைத்தொழிலும் பயிர்த்தொழிலும் வாணிகமும் நாட்டைச் செழிக்கச் செய்வன என்றும், பொய்ச் சாதிக் கட்டு இவற்றையெல்லாம் கெடுத்தது என்றும் அவர் அதில் இடைவிடாது எழுதினார். கைத்தொழில் என்னும் சொல்லை இழிவின் சொல்லாக அன்றி அறிவின் சொல்லாக நம் செவிகளில் முதலில் ஒலிக்கச் செய்தவர்களுள் அவர் தலையாயவர்.

ஆல்காட் பள்ளிகள் எழுத்தும் எண்ணும் கற்பித்தன, சமையலும் கற்பித்தன. ஐரோப்பியர் வீடுகளில் சமையற்காரராகவும் ஏவலராகவும் வேலை கிடைக்கும் என்பதே அதன் நோக்கம். அன்றைய நிலையில் அதுவும் ஓர் உயர்வே. பண்ணையாளாகக் கிடந்தவன் மாதச் சம்பளம் வாங்கினான், தன் பிள்ளைக்குப் பலகை வாங்கிக் கொடுத்தான். அப்பள்ளிகளை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அந்தக் கல்விக்கு மேற்கூரை மிகத் தாழ்வாகவே போடப்பட்டிருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. பையன் எதுவரை வளரலாம் என்பதை அவனுக்காக வேறொருவர் முடிவு செய்திருந்தார்.

அம்மேற்கூரையின் பொருளை உணரத் தியாகராய நகரைப் பார்த்தால் போதும். 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அந்நகரை எழுப்பினார்கள். மண் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், செங்கல் எடுத்துக் கொடுத்த சித்தாள், கொத்துக் கரணை பிடித்தவர் எனச் சேரிகளிலிருந்து சென்ற கைகள் எத்தனையோ. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் சிலர், பாண்டி பசாரில் இன்ன கட்டடத்துக்கு எங்கள் பாட்டனார் கடைக்கால் தோண்டினார் என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். அங்கே ஓவர்சீயர் கையில் ஒரு நீலத்தாள் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நிழலில் நின்றார். படிக்கத் தெரியாதவர் நாற்பது ஆண்டு வேலை செய்தும், சுவரின் நெளிவைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் திறமை பெற்றும், மேஸ்திரியின் சொல்லுக்குக் கீழேயே நின்றார். கைத்திறம் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. அத்திறத்தை எழுத்தாக்கி, அளவாக்கி, சான்றிதழாக்கிக் கொள்ளும் வழியே அடைபட்டிருந்தது.

தோல் தொழிலின் கதை இதனினும் கசப்பானது. பதனிடும் தொழிலைச் செய்தவனைத் தீண்டாதவன் என்று ஊர் ஒதுக்கி வைத்தது. ஆனால் அத்தொழிலிலேயே வேதியியல் நுழைந்தபோது நிகழ்ந்தது என்ன? இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோம் பதனிடும் முறையைப் புகுத்தினார். 1915இல் தோல் தொழிற்பள்ளி ஏற்பட்டது. 1944இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அங்கே தோல் தொழில்நுட்பம் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாயிற்று. 1948 ஏப்பிரலில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா, ஆய்வுக்கூடத்து அறிவைச் சிற்றூர்ப் பதனிடுவோர்க்கும் எடுத்துச் செல்ல முயன்றவர் என்பதால் நம் மதிப்புக்கு உரியவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு அணிந்து தோல் தொழில்நுட்பம் பயிலலாயினர். அதில் எவர்க்கும் தீட்டு ஒட்டவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவனோடு மட்டும் தீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தது. தொழில் ஒன்றே, பொருள் ஒன்றே. பிறப்பினால் செய்தவன் இழிந்தவன், பயின்று செய்தவன் அறிஞன் என்னும் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நாம் அறிந்தவரை இல்லை.

இவ்வேறுபாட்டை முற்றும் உணர்ந்து, அதற்கேற்ற கோரிக்கையை அரசின் முன் வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942 சூலையில் அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அட்டவணைச் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு கோரிக்கை மனுவை அளித்தார். அதன் கல்விப் பகுதியை நம் இளைஞர் ஒவ்வொருவரும் தேடிப் படித்தல் வேண்டும். தாமே பொருளாதாரத்திலும் சட்டத்திலும் பெரும் பட்டங்கள் பெற்றிருந்தவர், கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் நம் மக்களுக்கு அத்துணைப் பயன் தரமாட்டா என்றும், அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வியே வேண்டும் என்றும் அதில் வாதிட்டார். அத்தகைய கல்வியின் செலவை நம் மக்கள் தாங்க இயலாது என்பதையும் அவரே எடுத்துக் காட்டினார். ஆதலின் உள்நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம் பயில்வோர்க்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 இலட்சம் ரூபாயும் உதவித்தொகையாக ஒதுக்குமாறு கேட்டார். அதே மனுவில் அரசாங்க அச்சகங்களிலும் இரயில்வேப் பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

உயர்ந்த ஆய்வுக்கூடமும் அச்சகத்துப் பட்டறையும் ஒரே மனுவில் இடம்பெற்றதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இவர்களுக்கு இதுவரை போதும் என்னும் மேற்கூரை அதில் இல்லை. பட்டறையில் நுழைய வழி கேட்டவர், இலண்டன் வரை செல்லவும் வழி கேட்டார். 1944இல் அட்டவணைச் சாதி மாணவர்க்கான மத்திய அரசு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் நம் பிள்ளைகள் இன்றும் பெற்று வரும் உதவித்தொகையின் மூலம் அதுவே. அவ்வாண்டு செப்டம்பரில் அண்ணல் சென்னைக்கு வந்து பல கூட்டங்களில் உரையாற்றினார்.

போர்க்காலத்தில் தொழில்நுட்பப் பணியாளரை உருவாக்கும் பயிற்சித் திட்டம் அவர் பொறுப்பிலிருந்த தொழிலாளர் துறையில் நடந்தது. 1945இல் அத்துறையிலேயே மறுவாழ்வு, வேலைவாய்ப்புக்கான தலைமையகம் தோன்றியது. அதன் வழிவந்ததே 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம், அதாவது நாம் ஐ.டி.ஐ. என்று அழைக்கும் நிலையங்கள். ஐ.டி.ஐ. படிப்பை இளக்காரமாக நினைக்கும் நம் தம்பிமார்க்கு இவ்வழிமுறையைச் சொல்லி வைப்பது நம் கடமை.

குடியரசு மலர்ந்ததும் சென்னை மாநிலம் இரு பெரும் வழக்குகளைக் கண்டது. முன்னது நீதிமன்றத்தில் நடந்தது. கல்லூரி இடங்களில் ஒவ்வொரு பதினான்கிலும் இரண்டை நம்மவர்க்கு ஒதுக்கி வந்த வகுப்புவாரி ஆணையை எதிர்த்து, மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராசனும், பொறியியல் கல்லூரி தொடர்பாகச் சீனிவாசனும் தொடுத்தனர். 1951 ஏப்பிரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. நாடெங்கும், சிறப்பாகத் தமிழகத்தில், கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கிண்டிக் கல்லூரியின் வாயில் நமக்குத் திறந்து நிற்பது அப்பிரிவின் வலிமையால்தான்.

பின்னது மக்கள் மன்றத்தில் நடந்தது. 1953இல் முதலமைச்சர் இராசாசி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொணர்ந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் அரைநாள் படிக்க வேண்டும், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது திட்டம். பள்ளியில் இடம் போதாமையையும் உழைப்பின் உயர்வையும் அவர் காரணமாகக் காட்டினார். மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தனர். வழக்கறிஞர் மகன் பிற்பகலில் சட்டப்புத்தகத்தின் அருகே அமர்வான். தோட்டியின் மகன் எங்கே செல்வான்? பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தனர். சட்டமன்றம் திட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியது. 1954இல் இராசாசி பதவி விலக, முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். தொழிற்கல்வி என்ற பெயர் தாங்கி வருவன யாவும் நமக்கு நன்மை அல்ல என்பதற்கு அந்த ஓராண்டே சான்று. பெற்றோரின் தொழிலில் பிள்ளையைக் கட்டி வைப்பது ஒன்று. எப்பெற்றோர்க்குப் பிறந்தவனும் எத்தொழிலையும் கற்கலாம் என்று கதவைத் திறப்பது முற்றிலும் வேறு.

அக்கதவுகள் பல நம் பகுதியிலேயே திறந்தன. 1916இல் பிராட்வேயில் தொழிற்பள்ளியாகத் தொடங்கி, 1946இல் சென்ட்ரல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்ற நிலையம், பின்னர்த் தரமணிக்கு வந்தது. அதனைச் சூழ்ந்து அச்சு, நெசவு, வேதியியல் முதலியவற்றுக்கான நிலையங்களும் மகளிர் பாலிடெக்னிக்கும் அமைந்தன. 1959இல் ஐ.ஐ.டி. வந்தது. கிண்டியில் தொழிற்பேட்டையும், அதனையடுத்து ஐ.டி.ஐ.யும், ஆசிரியர்க்கே பயிற்சி தரும் மத்திய நிலையமும் எழுந்தன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சியளிக்கும் கடமையைத் தொழிற்சாலைகள் மேல் சுமத்தியது. 1973இல் அது திருத்தப்பட்டபோது அட்டவணைச் சாதி, பழங்குடியினர்க்கு இடஒதுக்கீடும் சேர்ந்தது. அண்ணல் 1942இல் கேட்டது முப்பத்தோராண்டு கழித்துச் சட்டமாயிற்று! சைதாப்பேட்டையில் எம்.சி. ராசா பெயரால் அமைந்த விடுதி வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உறைவிடம் தந்தது. இராயப்பேட்டையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிச் சட்டமன்றம் வரை சென்றவர் பெயர் ஒரு மாணவர் விடுதிக்கு வாய்த்தது மிகப் பொருத்தமே.

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் பட்டறிவை ஈண்டுக் குறிப்பிடல் தகும். மயிலையைச் சேர்ந்த அவர் தியாகராய நகர்க் கடைகளில் மின்கம்பி இழுக்கும் வேலையைப் பதினான்கு ஆண்டுகள் செய்தார். ஒப்பந்தக்காரர் மாறினாலும் அவர் 'கையாள்' என்னும் பெயர் மாறவில்லை. கையில் ஒரு காகிதமும் இல்லை. நம் இரவு வகுப்பில் எழுத்தைச் சீர்ப்படுத்திக்கொண்டு, மாலை நேரப் பயிற்சிக்குச் சென்று, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வில் முப்பத்தெட்டாம் வயதில் வென்றார். ஐந்தாண்டு அனுபவமும் இருபத்தொரு வயதும் நிரம்பியோர் எழுதத்தக்க தேர்வு அது. பள்ளியை இடையில் விட்டோர்க்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. அதன்பின் அவர் கூலி உயர்ந்தது, வேலை கேட்டு அலைவது குறைந்தது. ஆயினும் சில அடுக்குமாடி வீடுகளில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இன்றும் தனிக்குவளை வருகின்றது என்று அவரே நம்மிடம் கூறினார். சான்றிதழ் அதனை மாற்றவில்லை. தொழிற்கல்வி சாதியை ஒழித்துவிடும் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். ஒருவன் மாலையில் வீடு திரும்புகையில் கையில் கொண்டுவரும் தொகையை அது மாற்றுகின்றது. விருப்பமில்லாத வேலையை மறுத்து எழும் துணிவைத் தருகின்றது.

அத்துணிவின் அருமையைப் பாதாளச் சாக்கடையைப் பார்க்கும்போது உணர்கின்றோம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அத்தொழிலினின்று மீள்வோரின் குடும்பத்தில் ஒருவர்க்கேனும் திங்களுக்கு 3000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையோடு வேறு தொழிற்பயிற்சி தரப்படல் வேண்டும் என்கின்றது. சாக்கடையில் இறங்கி இறப்போரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீட்டை நாம் அறிந்திருக்கின்றோம், பயிற்சி பற்றிய பிரிவை அறிந்தவர் சிலரே. அச்சட்டத்தின் கீழ் உரிமையுடையோர் தம் பெயரைப் பதிவு செய்து பயிற்சியைக் கேட்டுப் பெறல் வேண்டும்.

இன்னுமொரு காட்சி. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதே காலத்தில் அடையாற்றங்கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் எழுந்த கண்ணாடி மாளிகைகளில் நம் பெண்கள் தரை துடைக்கவும், ஆண்கள் வாயில் காக்கவும் செல்கின்றனர். அதே மாளிகையில் குளிர்சாதனத்தைப் பழுது பார்ப்பவரும், மின்தூக்கியைச் சீர்செய்பவரும் இருக்கின்றனர். இருசாராரும் ஒரே பேருந்தில் வந்து இறங்குபவர்களே. இவர்களுக்கிடையே இருப்பது ஓராண்டு அல்லது ஈராண்டுப் பயிற்சி மட்டுமே.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்தவன் அங்கேயே நின்றுவிடுவான் என்னும் அச்சமும் தேவையற்றது. பத்தாம் வகுப்புத் தேறி ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வெல்டர் வகுப்பில் தொடங்கிய பிள்ளை அண்ணா பல்கலைக்கழகத்தை எட்டுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பே படித்தவர்க்கும் சில பிரிவுகள் உண்டு. தமிழகத்தில் அட்டவணைச் சாதியினர்க்கு 18 விழுக்காடு இடமும், 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடும் உள்ளன. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துப் பின் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. பயிலும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தின் கீழும், 2024 முதல் மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் கீழும் திங்களுக்கு 1000 ரூபாய் கிடைக்கின்றது. தொழில் தொடங்க விரும்புவோர் 1974இல் நிறுவப்பட்ட தாட்கோவை அணுகலாம்.

ஓர் எச்சரிக்கை. கிண்டிக்கும் தரமணிக்கும் வெளியே, சுவரொட்டி ஒட்டி மூன்றே மாதத்தில் வேலை என்று அழைக்கும் இடங்கள் மிகுந்துள்ளன. அவை தரும் சான்றிதழை எத்தொழிற்சாலையும் மதிப்பதில்லை. நம் பெற்றோர் சிலர் தாலியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தி ஏமாந்ததை நாம் கண்டோம். தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டா என்று முதலில் கேளுங்கள், பணத்தைப் பின்னர் எடுங்கள்.

தொடக்கத்தில் கூறிய தந்தையார் போன்றோர்க்கு நாம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்வதில்லை. கிண்டிக்கு அழைத்துச் சென்று லேத்தின் முன் நிற்கும் பிள்ளைகளைக் காட்டுகின்றோம். பட்டப்படிப்பிலேயே நாட்டமுள்ள பிள்ளையை நாம் தடுப்பதும் இல்லை, அப்பாதைக்கும் வழி சொல்கின்றோம். முடிவு பிள்ளையினுடையதாக இருக்கட்டும். வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பங்களை நிரப்பித் தரச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் காலையில் இருவர் அமர்ந்திருப்பர். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு வருக. மகனை மட்டுமன்றி மகளையும் அழைத்து வருக.